குடலுக்குள் ஒரு குடிநுழைவுப் பதிவு

ஆட்டுக் குடலை வாங்கி வந்து வீட்டில் கழுவிப் பழகியவர்களுக்கு இரண்டு புழுக்கள் பழக்கம், பெயர் தெரியாவிட்டாலும். ஒன்று, குடலைப் பிதுக்கும்போது உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வரும் வெள்ளை நாடா. இன்னொன்று, குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்வில் தொங்கும் நீர்ப்பை. உள்ளே தெளிந்த தண்ணீர், ஓரத்தில் அரிசிக் குருணை போல ஒரு வெண்புள்ளி. நாடாவை வழித்துப் போடுவார்கள், பையைக் கிள்ளி எறிவார்கள். குடலைச் சுத்தம் செய்து பொட்டலமாக விற்கத் தொடங்கிய பிறகு இந்த அறிமுகமும் குறைந்துவருகிறது.

இரண்டும் நாடாப்புழுவே. வெள்ளை நாடாவுக்கு ஆடுதான் கடைசி வீடு. அங்கேயே வளர்ந்து, கணுக்கணுவாகக் கழன்று, புழுக்கையோடு வெளியேறும். நீர்ப்பைக்கோ ஆடு வழியில் தங்கும் சத்திரம் மட்டுமே. எறிந்த பையை நாய் தின்ன வேண்டும்; நாயின் குடலில்தான் அது முழுப் புழுவாகும். அடுப்படியில் கிள்ளி எறிகிற கையும், வாசலில் காத்திருக்கிற நாயும் அந்தப் புழுவின் பிழைப்புக்குத் துணைபோகின்றன.

சுமார் 40 ஆண்டுகளாக இந்தப் புழுக்களின் மரபணுக்களைப் படித்துவருகிறார்கள். படிக்கப் படிக்க, ஒற்றைப் பெயரில் நாம் அழைத்துவந்த புழு பலவாகப் பிரிந்திருக்கிறது. சில இடங்களில் பலவாக நினைத்தவை ஒன்றாகவும் சேர்ந்திருக்கின்றன. எந்த விலங்கின் வயிற்றில், எந்த மனிதரோடு, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது புழுவின் மரபணுவில் பதிந்து கிடக்கிறது. மலேசியர்களுக்குச் சட்டென்று புரிவதுபோல் சொன்னால், குடிநுழைவுத் துறை குத்தும் முத்திரை போல. அந்த முத்திரைகளைப் படிப்பது கல்வி ஆர்வத்துக்காக மட்டும்தானா, கால்நடைக்கும் மனிதருக்கும் அதனால் பயன் உண்டா என்பதுதான் இங்கே கேள்வி. உண்டு என்பது என் முடிவு. ஆனால் ஆய்வு நடந்த வழியில் எனக்குச் சில மனக்குறைகளும் உண்டு.

வெள்ளை நாடாவிலிருந்து தொடங்குவோம். ஆடு மாடுகளின் குடலில் பெரும்பாலும் காணப்படுவது மொனீசியா. நீளம் பல மீட்டர் போகும், மனிதருக்குத் தொற்றாது. புல்லின் அடியில், மண்ணில், ஊசிமுனை அளவுள்ள சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. அவை முட்டையை விழுங்க, புல்லோடு அவற்றை ஆடு விழுங்க, புழு உள்ளே போய்ச் சேர்கிறது. இந்த வழியை அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர் ஹொரேஸ் ஸ்டங்கார்டு 1937இல்தான் கண்டுபிடித்தார். நூறாண்டுக்கும் மேலாகப் பெயர் தெரிந்த புழு எப்படிப் பரவுகிறது என்பது அதுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

பாடப்புத்தகத்தில் இரண்டு மொனீசியாக்கள் இருக்கும். கணுக்களுக்கு இடையில் சுரப்பிகள் வரிசை முழுவதும் பரவியிருந்தால் எக்ஸ்பான்சா, ஆட்டுக்குரியது. நடுவில் மட்டும் குறுகிய கோடாக இருந்தால் பெனடெனி, மாட்டுக்குரியது. மாணவர்கள் இன்றும் இப்படித்தான் படிக்கிறார்கள். 1993இல் செனகல் நாட்டு ஆடு, செம்மறி, மாடுகளிலிருந்து எடுத்த மொனீசியாக்களின் நொதிப் புரதங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியானது. உருவத்தில் ஒரே இனமாகத் தெரிந்தவை, எந்த விலங்கிலிருந்து வந்தன என்பதைப் பொறுத்து, தங்களுக்குள் கலக்காத தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன. ஒரே மேய்ச்சல் நிலம், ஒரே சிற்றுண்ணி, அருகருகே மேய்கிற விலங்குகள். இருந்தும் புழுக்கள் தத்தம் சாதிக்குள்ளேயே திருமணம் முடித்துக்கொண்டிருந்தன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பின்னர் ஆசியாவில் நடந்த மரபணு ஆய்வுகளும் ‘எக்ஸ்பான்சா’, ‘பெனடெனி’ என்ற இரண்டு பெயர்களுக்குள் இரண்டுக்கும் மேற்பட்ட புழுக்கள் ஒளிந்திருப்பதையே காட்டின.

இது ஆட்டுக்காரருக்கு எதற்கு? மொனீசியா பெரும்பாலும் குட்டிகளின் வளர்ச்சியைத்தான் கொஞ்சம் தடுக்கும். அதனால் அதன் மரபணுவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆய்வுப் பணமும் கவனமும் வேறொரு புழுவின் பக்கம் போயின. அதில் நியாயமும் இருக்கிறது.

அந்தப் புழு எக்கினோகாக்கஸ். நாயின் குடலில் வாழும் முதிர்ந்த புழு ஓர் அரிசிமணி அளவுகூடத் தேறாது. மூன்று நான்கு கணுக்கள், சில மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். ஆனால் ஒரே நாயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். முட்டை புல்லிலும் நீரிலும் காய்கறியிலும் ஒட்டி ஆடு, செம்மறி, மாடு, எருமை, பன்றி, மனிதர் என்று யார் வயிற்றுக்குள் போனாலும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளர்கிறது. மனித உடலில் அது பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து தேங்காய் அளவுக்கும் போகும்; வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டிவரும். இந்தியாவில் இந்நோய் அதிகம் காணப்படும் இடங்களாக மருத்துவ நூல்கள் ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் சௌராஷ்டிரத்தையும் சொல்கின்றன. கர்னூல் பகுதியில் இந்நோய் பரவும் விதம் பற்றி 1968லேயே விரிவான கட்டுரை வந்துவிட்டது. இலங்கையில் ஏ. எஸ். திசாநாயக்க 1950களின் பிற்பகுதியில் உள்ளூர் மாடுகளிலும் நாய்களிலும் இந்தப் புழுவைத் தேடினார். அவர் பின்னாளில் கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்தவர்.

அந்தக் காலத்தில் ‘எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ்’ என்பது ஒரே இனம். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு உறுத்தல் இருந்தது. குதிரையில் வருவதும் செம்மறியில் வருவதும் ஒன்றுபோல் இல்லை. மாட்டில் வருவது நாயின் குடலில் சீக்கிரம் முதிர்கிறது. ஒரு நாட்டில் மாட்டு நீர்க்கட்டிகள் எல்லாம் மலட்டுக் கட்டிகள், நாயின் குடலில் புழுவாக வளரக்கூடிய குஞ்சுத் தலைகளே உள்ளே இல்லை; இன்னொரு நாட்டில் அதே மாட்டின் கட்டிகள் உயிர்ப்போடு இருக்கின்றன. ஆண்ட்ரூ தாம்சன் போன்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த வேறுபாடுகளைச் சேர்த்துவைத்து, ‘செம்மறி வகை’, ‘குதிரை வகை’, ‘மாட்டு வகை’ என்று பிரித்துப் பேசினார்கள்.

1992இல் ஜோசபின் பௌல்ஸ், டேவிட் பிளேர், டொனால்ட் மக்மானஸ் ஆகிய மூவரும் இந்த உறுத்தலுக்கு எழுத்து வடிவம் கொடுத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள காக்ஸ்1 என்ற மரபணுவில் 366 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டை எடுத்துப் படித்து ஜி1, ஜி2 என்று எண் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளோடு அது ஜி10 வரை நீண்டது. ஜி1 செம்மறி, ஜி3 எருமை, ஜி4 குதிரை, ஜி5 மாடு, ஜி6 ஒட்டகம், ஜி7 பன்றி, ஜி8, ஜி10 வடதுருவ மான்கள். ஒரு சிறு துண்டைப் படித்தால் வகை தெரிந்துவிடும் என்பதால் உலகெங்கும் ஆய்வகங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஈரான், துருக்கி, துனிசியா, பிரேசில், இந்தியா என்று எங்கு பார்த்தாலும் ‘எங்கள் ஊரில் ஜி எத்தனை’ என்ற கட்டுரைகள்.

என் முதல் மனக்குறை இங்கேதான். இந்தப் புழுவின் மைட்டோகாண்ட்ரிய மரபுத்தொகுதி முழுவதும் சுமார் 13,600 எழுத்துகள். 366 எழுத்து அதில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. ஒரு நாவலின் ஏழெட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் யார் என்று சொல்வதுபோல. சொல்ல முடியும், ஆனால் இரண்டு அண்ணன் தம்பிகள் எழுதியிருந்தால் சறுக்கும். அப்படியே சறுக்கியது. ஜி2 என்று தனி எண் பெற்றது உண்மையில் ஜி3க்குள் அடங்குவது என்று எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் லீனா கின்கர், உர்மாஸ் சார்மா குழுவினர் முழு மைட்டோகாண்ட்ரியாவையும் படித்து 2017இல் காட்டினார்கள். ஜி9 முன்பே ஜி7இன் ஒரு சாயலாகக் கரைந்துவிட்டிருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் ‘எங்கள் ஊரில் ஜி2 இருக்கிறது’ என்று அச்சிட்ட கட்டுரைகளை இப்போது அடைப்புக்குறி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், சில எண்கள் எண்ணாக இருப்பதற்கே சிறியவை என்று தெரிந்தது. குதிரை வகை எக்கினோகாக்கஸ் ஈக்வினஸ் என்றும், மாட்டு வகை எக்கினோகாக்கஸ் ஆர்ட்லெப்பி என்றும் தனி இனங்களாயின. ஒட்டகமும் பன்றியும் மான்களும் கனடென்சிஸ் என்ற பெயரின் கீழ்ப் போயின. அதை மேலும் பிரிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு இன்னும் வாதாடுகிறது. கிரானுலோசஸ் என்ற பழைய பெயர் ஜி1க்கும் ஜி3க்கும் மட்டும் மிஞ்சியது. மனிதருக்கு வரும் நீர்க்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அளவுக்கு இந்த இரண்டில் ஏதோ ஒன்றுதான், அதிலும் பெரும்பாலும் ஜி1.

இந்தியாவுக்கு வந்தால் படம் மாறுகிறது. மும்பை வட்டாரத்தில் வெட்டுக்கு வந்த கால்நடைகளின் கட்டிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவை ஜி3, அதாவது எருமை வகை. அடுத்த இடத்தில் ஜி5. உலகம் முழுக்கக் கோலோச்சும் ஜி1 அவற்றுக்குப் பின்னால். பஞ்சாபிலும் ஜி3 முன்னணியில் வந்தது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எருமைகள் 10 கோடியே 98 லட்சம். உலகில் வேறெங்கும் இல்லாத அளவு எருமைகள் இருக்கும் நாட்டில், எருமைக்குள் நன்றாக வளரும் புழு பெருகுவதில் வியப்பில்லை. ஜி1இன் வேர் செம்மறி முதலில் பழக்கப்பட்ட மேற்காசியாவில் இருக்கிறது. அங்கேதான் அதன் உள்வேறுபாடுகள் அடர்ந்து கிடக்கின்றன. அங்கிருந்து செம்மறி போன இடமெல்லாம் போய், வெள்ளைக்காரக் குடியேறிகளின் கப்பலில் ஆஸ்திரேலியா வரை சேர்ந்தது.

‘சரி, ஜி1 ஆனால் என்ன, ஜி5 ஆனால் என்ன, நாய்க்குப் புழு மாத்திரை கொடுத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது? செம்மறி வகை நாயின் குடலில் முட்டையிடும் பருவத்தை எட்டச் சுமார் 45 நாள் எடுக்கிறது. மாட்டு வகை 33 முதல் 35 நாளிலேயே எட்டிவிடுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை என்று திட்டமிட்டால் செம்மறி ஊரில் அது வேலை செய்யும். மாட்டு வகை பரவிய ஊரில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாரமாவது நாய் முட்டையைத் தெளித்துக்கொண்டே திரியும். செலவும் ஆகும், நோயும் போகாது.

வெட்டுமிடத்திலும் இதே கதைதான். ஆஸ்திரேலிய மாடுகளில் ஜி1 தொற்றினால் கட்டிகள் பெரும்பாலும் மலடு. அந்த மாடு புழுவுக்கு முட்டுச்சந்து. ஆர்ட்லெப்பி தொற்றிய மாட்டின் நுரையீரல் கட்டியில் உயிருள்ள குஞ்சுத் தலைகள் நிறைந்திருக்கும். அதைத் தின்ற நாய் உடனே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். இரண்டு மாட்டையும் வெட்டிப் பார்க்கும் ஆய்வாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒரே மாதிரியான நீர்க்கட்டி. எதைக் கண்டு பதற வேண்டும், எதைக் கண்டு பதற வேண்டியதில்லை என்பதை மரபணு மட்டுமே சொல்லும்.

தடுப்பூசி இன்னும் நுட்பமான இடம். மெல்போர்னின் மார்ஷல் லைட்டோலர்ஸும் நியூசிலாந்தின் டேவிட் ஹீத்தும் இ.ஜி.95 என்ற புரதத்தை வைத்து 1990களில் செம்மறிக்கு ஒரு தடுப்பூசி கண்டார்கள். சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பாதுகாப்பு. ஒட்டுண்ணிப் புழுவுக்கு எதிரான தடுப்பூசிகளில் இவ்வளவு வெற்றி அரிது. ஆனால் அந்தப் புரதம் ஜி1 புழுவிலிருந்து எடுத்தது. ஒட்டக வகையில் அதே மரபணுவைப் படித்தபோது புரதத்தின் அமைப்பே பல இடங்களில் மாறியிருந்தது. செம்மறிக்குப் பலித்த ஊசி ஒட்டகத்துக்கும் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பன்றி நாடாப்புழுவுக்கு எதிராக இதே குழு உருவாக்கிய டி.எஸ்.ஓ.எல்.18 புரதம் நாடு விட்டு நாடு அவ்வளவாக மாறவில்லை. அது ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாகச் சந்தைக்கும் வந்துவிட்டது. ஒன்று மாறுகிறது, இன்னொன்று மாறவில்லை. எது மாறும், எது மாறாது என்று படித்துப் பார்க்காமல் சொல்ல வழியில்லை.

பன்றிப் புழு என்றதும் மனிதரின் பங்கைப் பேசாமல் தாண்ட முடியாது. மாட்டிறைச்சியிலிருந்தும் பன்றியிறைச்சியிலிருந்தும் நமக்குப் புழு வந்தது, குற்றவாளி கால்நடைதான் என்பதே நெடுங்கால எண்ணம். 2001இல் அமெரிக்க வேளாண் துறையின் எரிக் ஹோபெர்க் குழுவினர், இந்த இரண்டும் அடங்கிய டீனியா புழுக்களின் வம்சாவளியை வரைந்தார்கள். மனிதரின் மாட்டு நாடாப்புழுவுக்கு நெருங்கிய உறவு சிங்கத்தின் குடலில் இருக்கிறது. பன்றி நாடாப்புழுவுக்குக் கழுதைப்புலியின் குடலில். நம்மிடம் உள்ள மாட்டுப் புழுவும் அதன் உடன்பிறப்பான ஆசியப் புழுவும் பிரிந்தது 7,80,000க்கும் 17 லட்சத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன். தொழுவமும் பட்டியும் தோன்றியது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கமும் கழுதைப்புலியும் தின்ற அதே மான்களை நம் முன்னோரும் தின்றபோது புழு நம்மிடம் ஏறிக்கொண்டது. பின்னர் மாட்டையும் பன்றியையும் வீட்டுக்கு அழைத்து வந்தபோது நாம் அவற்றுக்குக் கொடுத்தோம். பசுவுக்கு நாம் செய்த உபகாரங்களின் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

பன்றி நாடாப்புழுவின் மைட்டோகாண்ட்ரியாவை 2002இல் நக்காவோ குழுவினர் உலகளவில் ஒப்பிட்டபோது இரண்டே பெரிய கிளைகள் வந்தன: ஆசியக் கிளை ஒன்று, ஆப்பிரிக்காவையும் லத்தீன் அமெரிக்காவையும் சேர்த்து ஒன்று. இரண்டாவதற்கு விளக்கம் எளிது. ஸ்பெயின், போர்த்துக்கல் கப்பல்கள் பன்றிகளையும் பன்றி வளர்ப்போரையும் அள்ளிச் சென்ற பாதை அது. எனக்குப் பிடித்த விதிவிலக்கு மடகாஸ்கர். ஆப்பிரிக்காவை ஒட்டிய அந்தத் தீவில் இரண்டு கிளைகளும் சேர்ந்து கிடக்கின்றன. மடகாஸ்கரின் மொழி போர்னியோவின் மொழிகளுக்கு உறவு, மலாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று மொழியறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலைக் கடந்த பழைய குடியேற்றத்தின் தடம் புழுவின் பக்கத்திலும் இருக்கிறது.

இந்த இரண்டு கிளைகளுக்கும் நோயிலும் வேறுபாடு தெரிகிறது. ஆசியாவில் தோலுக்கடியில் கட்டிகள் புடைத்துத் தெரிவது வழக்கம். லத்தீன் அமெரிக்காவில் அது அரிது. அங்கே மூளையில் பல கட்டிகள் சேர்ந்து வருவது அதிகம்; இந்தியாவில் ஒற்றைக் கட்டியோடு வலிப்பு வருகிற நோயாளிகளே அதிகம். வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் 50,000க்கும் மேற்பட்டோரை வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் இந்தப் புழுவின் தடம் இருந்தது. வேறுபாட்டுக்கு மரபணுதான் முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. உணவுப் பழக்கமும் எத்தனை முட்டை உள்ளே போகிறது என்பதும் பெரிய பங்கு வகிக்கும். மரபணுக்காரர்கள் எல்லாவற்றையும் மரபணுவால் விளக்க ஆசைப்படுவார்கள், அவ்வளவுதான்.

கால்நடையோடு புழு பயணம் செய்ததற்கு நம் வட்டாரத்தின் சோகமான உதாரணம் இந்தோனேசியாவின் பாப்புவா மலைப்பகுதி. 1970களின் தொடக்கத்தில் பானியாய் ஏரிகளைச் சுற்றி வாழும் எகாரி மக்களில் பலர் இரவில் குளிர்காயும் நெருப்பில் விழுந்து தீக்காயங்களோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். காரணம் வலிப்பு, வலிப்புக்குக் காரணம் மூளையில் பன்றிப் புழுவின் கட்டிகள். பாலித் தீவிலிருந்து அரசு அன்பளிப்பாக வந்த பன்றிகளோடு புழுவும் வந்தது என்று கருதப்படுகிறது. ஒரு நல்லெண்ணப் பரிசில் இருந்த புழுவை அப்போது யாரும் பார்க்கவில்லை.

ஆசியப் புழு, டீனியா ஏஷியாட்டிகா, இன்னொரு சிக்கல். கண்ணுக்கு அச்சு அசலாக மாட்டுப் புழு. ஆனால் இடைத் தங்கல் பன்றியின் ஈரலில். மாட்டிறைச்சியைத் தொடாத, பன்றி ஈரலை அரைவேக்காட்டில் தின்கிற தைவான் பழங்குடியினருக்கும் சுமத்ராவின் சமோசிர் தீவினருக்கும் ‘மாட்டுப் புழு’ எப்படி வந்தது என்று குழம்பி, 1993இல்தான் கொரிய ஆய்வாளர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். பிறகு தாய்லாந்திலும் சீனாவிலும் கிடைத்த சில புழுக்கள் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு பெயரும், உட்கருவில் வேறொரு பெயரும் காட்டின. இரண்டு இனமும் ஒரே மனிதக் குடலில் சந்தித்துக் கலந்திருந்தன.

என் இரண்டாவது மனக்குறை இது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. அதை மட்டும் படித்தால் கலப்புத் திருமணம் நடந்ததே தெரியாது. நாடாப்புழு ஆணும் பெண்ணும் ஒன்றான உயிர்; தன்னோடு தானே கூடியும் முட்டையிடும். எக்கினோகாக்கஸ் கட்டிக்குள் பிறக்கும் ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே முட்டையின் நகல்கள். இருபது தலைகளை எடுத்துப் படித்துவிட்டு இருபது மாதிரி என்று கணக்கெழுதினால் அது ஒரே மாதிரிதான். ஒரு விலங்கிலிருந்து ஒரு கட்டி, பல விலங்கு, பல ஊர், உட்கரு மரபணுக்களும் சேர்த்து என்று செய்தால்தான் பன்மை என்ற சொல்லுக்குப் பொருள். 2013இல் நான்கு நாடாப்புழுக்களின் முழு மரபுத்தொகுதியும் நேச்சர் இதழில் வெளியானது. கொழுப்பைத் தானே ஆக்கும் திறனைக்கூடத் துறந்து, சமைத்த சோற்றை மட்டுமே நம்பி வாழும் உயிர்கள் இவை என்று அது காட்டியது. ஆகவே உட்கருவைப் படிக்கக் கருவி இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

இதையெல்லாம் மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் உட்கார்ந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. மலாயா அவசரகாலத்தில் செர்டாங் பாரு என்ற புதுக்கிராமமாக எழுந்த இந்த ஊரின் பக்கத்து வேலிதான், 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் வளாகம். கால்நடை மருத்துவப் புலமும் அங்கேதான். மாஹா வேளாண் கண்காட்சி நடக்கும்போது செர்டாங்குக்குப் போனால் இந்த நாட்டின் கால்நடைகள் வந்த திசைகளை ஒரே கொட்டகையில் எண்ணிவிடலாம். காதுகள் தொங்கும் ஜமுனாபாரி உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா பக்கத்து ஆடு. குட்டையான கம்பிங் கச்சாங் இந்த மண்ணின் ஆடு. தடித்த போயர் தென்னாப்பிரிக்காவில் உருவானது. ஆஸ்திரேலியப் புதர்க்காட்டில் தானே திரிந்து வளர்ந்த ஆடுகள் விமானத்தில் வந்து இறங்குகின்றன. தாய்லாந்து எல்லை வழியாக மாடு. வடக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரம்மன் மாடு.

இவற்றுக்கிடையில் கெடா கிளந்தான் மாடும், கால்நடைத் துறை ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று பதிவு செய்துள்ள மாடும் நிற்கின்றன. இரண்டாவது நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பல இன மாடுகளின் கலவை. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கட்டி, பால்மரக் காட்டு ஓரத்தில் மேய்த்து, விடியற்காலையில் சைக்கிளில் பால் ஊற்றியவர்களின் மாடு. இப்போது செம்பனைக்கு நடுவிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் மேய்கிறது.

உறைய வைத்த இறைச்சியைப் பற்றி வீண் பயம் வேண்டாம். இந்தியாவிலிருந்து வருவது எலும்பு நீக்கிய எருமைத் தசை. நீர்க்கட்டி இருப்பது ஈரலிலும் நுரையீரலிலும். தசையில் தங்கும் மாட்டுப் புழுக் கொப்புளமும் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் பத்து நாள் வைத்தால் சாகும். புழு பயணம் செய்வது உயிருள்ள விலங்கின் உடலில். வந்த ஊரில் அது நிலைப்பது நாயின் குடலில். கோயில் திருவிழாவுக்குக் கிடா வெட்டும் இடத்திலும், ஹாஜிப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கும் திடலிலும், வெட்டிய பிறகு ஈரலும் நுரையீரலும் குடலும் எங்கே போகின்றன என்பதுதான் கேட்க வேண்டியது. குழி தோண்டிப் புதைத்தால் ஒரு வகை. தெருநாய்க்கு எறிந்தால் இன்னொரு வகை.

ஆராய்ச்சி தொடங்க விரும்பும் மாணவர் யாராவது கேட்டால் நான் எக்கினோகாக்கஸைக் காட்ட மாட்டேன். கூட்டம் அங்கே நிறைய. ஆட்டுக் குடலின் வெள்ளை நாடாவையும், கொழுப்புச் சவ்வில் தொங்கும் நீர்ப்பையையும் காட்டுவேன். நீர்ப்பை டீனியா ஹைடாட்டிஜீனாவின் இளம்பருவம். உலகெங்கும் அதன் மரபணுவில் வேறுபாடு ஏராளம் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மனிதருக்கு ஆபத்தில்லை, மாதிரி எடுக்க அனுமதிச் சிக்கல் குறைவு, வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் வாளியில் கிடக்கும். ஜமுனாபாரியின் பையில் இருப்பது இந்தியப் புழுவா, விமானத்தில் வந்த ஆட்டின் பையில் இருப்பது ஆஸ்திரேலியப் புழுவா, இங்கே பல தலைமுறை மேய்ந்த கச்சாங்கில் இருப்பது இரண்டிலும் சேராத ஒன்றா என்று பிரித்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே தெருநாயின் குடலில் சந்தித்துக்கொண்டனவா என்பது அடுத்த படி. மாட்டுச் சாணத்தில் கழன்று விழும் மொனீசியா கணுக்களையும் சேர்த்து எடுத்தால், கெடா கிளந்தான் மாட்டையும் பால்காரர் மாட்டையும் அருகருகே வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

பால்காரர் மாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. மாட்டுக்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கிற மந்தையிலும் ஃப்ரீசியன் ரத்தம் கலந்துகொண்டே வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் மேயும் கிழட்டுப் பசுவுக்குப் பின்னால் ஒரு சிறு டப்பாவோடும் மாதிரி கெடாமலிருக்கச் சாராயப் புட்டியோடும் நடக்க ஒரு மாணவர் போதும்.